பேஸ் கிதாருக்கு இன்னொரு பெட்டி! அம்மா வளையலை அடகு வைக்கும் முன் இதைப் படியுங்கள்

ஊரில் திருவிழா. இரவு மெல்லிசைக் கச்சேரி. கூட்டம் அலை மோதுகிறது.

பாடுகிறவர் குரல் கணீர் என்று கேட்கிறது. டிரம் அதிர்கிறது. கீபோர்டு கொஞ்சுகிறது. மேடையின் ஓரத்தில் ஒரு வாலிபர் நிற்கிறார். அவர் கையில் நீண்ட கழுத்துள்ள கிதார். விரல்கள் ஓடுகின்றன. ஆனால் சத்தம்? கேட்கவே இல்லை!

அவர் ஆம்ப்ளிபயரின் குமிழைத் திருகுகிறார். இன்னும் திருகுகிறார். "பர்ர்ர்" என்று பெட்டி கதறுகிறது. பாட்டுக்காரர் திரும்பி முறைக்கிறார்.

மறுநாள் காலை வீட்டில் பேச்சு நடக்கிறது.

"அம்மா, எனக்கு இன்னொரு ஸ்பீக்கர் பெட்டி வேணும். இல்லேன்னா என்னைக் குழுவிலிருந்து எடுத்துடுவாங்க."

"எவ்வளவு ஆகும் தம்பி?"

மகன் தொகையைச் சொல்கிறான். அம்மா பேசவில்லை. கையில் இருந்த வளையலைக் கழற்றுகிறாள்.

இது ஒரு வீட்டின் கதை அல்ல. பாட்டுக் குழுவில் பிள்ளை வாசிக்கும் பல வீடுகளில் நடப்பதுதான். அந்த வளையல் அடகுக் கடைக்குப் போகட்டும், போகாமல் இருக்கட்டும். அதற்கு முன் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

தவறான பெட்டியை வாங்கினால் பெட்டிக்குக் கொடுத்த பணம் மட்டும் போகாது. இருக்கிற ஆம்ப்ளிபயரும் எரிந்து போகும்! சரியான பெட்டியை வாங்கினால் பழையதே போதும். புதிய ஆம்ப்ளிபயர் வாங்கும் செலவு மிச்சமாகும்.

எப்படி? கேளுங்கள்.

ரேடியோ ரிப்பேர்க்காரர் செய்த கருவி

பேஸ் கிதார் பழைய வாத்தியம் அல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் புல்லர்டன் என்று ஓர் ஊர். அங்கே ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர் லியோ பெண்டர். பிறகு கிதார் செய்யத் தொடங்கினார். 1951-ம் ஆண்டில் அவர் விற்பனைக்குக் கொண்டு வந்த 4 தந்தி மின்சாரப் பேஸ் கிதார்தான் உலகம் முழுவதும் பரவியது.

அதற்கு முன் பேஸ் வாசிக்க ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். பெண்டரின் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடலாம்.

ஆனால் ஒரு தொல்லை. மின்சாரக் கிதாருக்குத் தானாகச் சத்தம் கிடையாது. ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் இல்லாவிட்டால் அது ஊமை! ஆகவே 1952-ல் அதற்கென்றே ஒரு ஆம்ப்ளிபயரையும் அவர் செய்தார். அதில் இருந்தது ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர். சில ஆண்டுகளில் அதை மாற்றி, நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களை வைத்தார்.

ஒரு பெரியதா, பல சிறியதா? அன்று தொடங்கிய கேள்வி இன்றும் தீரவில்லை. அதற்குப் பிறகு வருவோம்.

ஏன் கேட்கவில்லை?

பேஸ் கிதாரின் தடித்த தந்தியைத் தட்டினால் அது ஒரு நொடிக்கு சுமார் 41 தடவை அதிர்கிறது. அந்த ஒலியின் ஓர் அலை காற்றில் எவ்வளவு நீளம் தெரியுமா? சுமார் 27 அடி! ஒரு சிறிய வீட்டின் நீளம்.

இவ்வளவு பெரிய அலையை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். ஸ்பீக்கரின் நடுவில் இருக்கும் காகிதக் கூம்புதான் காற்றைத் தள்ளுகிறது. கைவிசிறியால் ஓர் அறைக்குக் காற்று வீச முடியும். கல்யாணப் பந்தலுக்கு வீச முடியுமா? அதே கதைதான். குமிழை எவ்வளவு திருகினாலும் சின்னக் கூம்பு ஓர் அளவுக்கு மேல் அசையாது. அதற்கு மேல் போனால் கதறும். பிறகு கிழியும்.

ஆகவே இன்னொரு பெட்டி கேட்கும் பிள்ளை வீண் ஆசைப்படவில்லை. அவன் கேட்பதில் நியாயம் உண்டு.

முதலில் செலவில்லாத வைத்தியம்

ஆனால் கடைக்குப் போகும் முன் நான்கு காரியங்களைச் செய்து பாருங்கள். காலணா செலவில்லை.

ஒன்று: பெட்டி தரையில் இருக்கிறதா? அப்படியானால் அதன் சத்தம் வாசிக்கிறவர் முழங்காலில் போய் மோதுகிறது. முழங்காலுக்குக் காது இல்லையே! பெட்டியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, முகத்தைப் பார்க்கும்படி வையுங்கள். அல்லது உறுதியான ஸ்டூல் மீது ஏற்றுங்கள்.

இரண்டு: பெட்டியைச் சுவருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுவர் பேஸ் ஒலியைத் திருப்பி அனுப்பும். மூலையில் வைத்தால் இன்னும் கூடும்.

மூன்று: "பேஸ்" என்ற குமிழைக் குறையுங்கள். ஆச்சரியமாக இருக்கிறதா? அடிநாதத்தை 10 டெசிபெல் ஏற்றினால் அந்த ஒலிக்கு ஆம்ப்ளிபயர் 10 மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். அங்கேதான் மூச்சு வாங்குகிறது. "பேஸ்" குமிழைச் சற்றுக் குறைத்து, "மிடில்" குமிழைச் சற்று ஏற்றுங்கள். டிரம் சத்தத்துக்கு நடுவிலும் கிதார் தெளிவாகக் கேட்கும்.

நான்கு: எங்கே வாசிக்கிறீர்கள் என்று யோசியுங்கள். பெரிய கச்சேரியில் மைக் செட்காரர் இருப்பார். "டி.ஐ. பாக்ஸ்" என்ற சிறிய டப்பா வழியாகக் கிதாரின் ஒலியை நேராகத் தன் மிக்சருக்கு எடுத்துக்கொள்வார். கூட்டம் கேட்பது அவருடைய பெரிய பெட்டிகளின் சத்தத்தை. உங்கள் பெட்டி உங்கள் காதுக்கு மட்டும். அங்கே இன்னொரு பெட்டி எதற்கு? "அண்ணே, என் பக்கத்து மானிட்டரில் பேசைக் கொஞ்சம் ஏற்றுங்க" என்று கேட்டால் போதுமே!

கல்யாண மண்டபம், பள்ளி விழா, ஒத்திகை அறை. இந்த இடங்களில் பேசுக்குத் தனி மைக் செட் இருக்காது. அங்கே அடிக்கடி வாசிக்கிறவருக்குத்தான் இரண்டாவது பெட்டி தேவை.

இரண்டாவது பெட்டி செய்யும் மாயம்

நான்கும் செய்தாயிற்று. இன்னும் போதவில்லை. சரி, பெட்டி வாங்கலாம்.

"பெட்டிக்குப் பதிலாக இரண்டு மடங்கு வாட் உள்ள ஆம்ப்ளிபயர் வாங்கினால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள்.

வாட்டை இரட்டித்தால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு அது "கொஞ்சம் அதிகம்" என்று தோன்றும். அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டும் என்றால் சுமார் 10 மடங்கு வாட் வேண்டும்.

அதே மாதிரி இன்னொரு பெட்டியைப் பக்கத்தில் வைத்தால்? இரண்டு லாபம். காற்றைத் தள்ளும் கூம்பு இரட்டிக்கிறது. அதோடு, இன்றைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர் இரண்டு பெட்டிகளை மாட்டும்போது அதிக சக்தியைக் கொடுக்கிறது. பின்னால் "300 வாட்" என்று எழுதியிருக்கிறதா? அது பெரும்பாலும் இரண்டு பெட்டி மாட்டினால் கிடைக்கும் கணக்கு. ஒரே பெட்டியில் அதில் பாதிக்குச் சற்று மேலேதான் கிடைக்கும்.

அதாவது, காசு கொடுத்து வாங்கிய சக்தியில் ஒரு பகுதி இதுவரை தூங்கிக்கொண்டிருந்தது! இரண்டாவது பெட்டி அதைத் தட்டி எழுப்புகிறது.

உயிர் நாடி: ஓம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். இதை இரண்டு தடவை படியுங்கள்.

பெட்டியின் பின்பக்கத்தில் "8 ஓம்" அல்லது "4 ஓம்" என்று எழுதியிருக்கும். ஓம் என்பது மின்சாரத்துக்குப் பெட்டி காட்டும் தடை. எண் குறையக் குறைய ஆம்ப்ளிபயருக்குப் பாரம் ஏறும்.

வண்டி மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 8 ஓம் என்றால் அரை வண்டிப் பாரம். 4 ஓம் என்றால் முழு வண்டிப் பாரம். 2 ஓம் என்றால் இரண்டு வண்டிப் பாரத்தை ஒரே மாட்டின் மீது ஏற்றுவது. மாடு படுத்துவிடும்!

கணக்கு இதுதான். சாதாரணமாக மாட்டும் முறையில்:

8 ஓம் பெட்டி இரண்டு சேர்ந்தால் 4 ஓம்.

4 ஓம் பெட்டி இரண்டு சேர்ந்தால் 2 ஓம்.

8 ஓம் ஒன்றும் 4 ஓம் ஒன்றும் சேர்ந்தால் 3-க்கும் குறைவு.

பெரும்பாலான ஆம்ப்ளிபயர்களின் பின்னால் "குறைந்தது 4 ஓம்" என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே போகக் கூடாது. போனால் சூடேறும். நடுக் கச்சேரியில் நின்றுவிடும். அல்லது உள்ளே கருகும்.

ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "என்ன விலை?" அல்ல. "எத்தனை ஓம்?" என்பதே!

ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் சேர்ந்து இருக்கிறதா? அப்போது இன்னும் ஜாக்கிரதை. உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் 8 ஓம் என்றால், வெளியே ஒரு 8 ஓம் பெட்டி மாட்டலாம். உள்ளே இருப்பதே 4 ஓம், ஆம்ப்ளிபயர் தாங்குவதும் 4 ஓம் என்றால், இன்னொரு பெட்டிக்கு அங்கே இடமே இல்லை. சிறிய மாடல்களில் வெளிப் பெட்டி மாட்டும் துளையே இருக்காது. "லைன் அவுட்", "ஹெட்போன்" என்று எழுதிய துளைகளில் பெட்டியை மாட்டக் கூடாது.

15 அங்குலமா? 10 அங்குலமா?

"15 அங்குலம் வாங்கு தம்பி. பேஸ் சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்!"

இப்படிச் சொல்லாத கடைக்காரர் இல்லை. நம்பிவிடாதீர்கள்.

குறுக்களவை அதே எண்ணால் பெருக்கிப் பாருங்கள். 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று: 225. 10 அங்குல ஸ்பீக்கர் இரண்டு: 200. கிட்டத்தட்டச் சமம். 10 அங்குலம் நான்கு: 400! காற்றைத் தள்ளுவதில் யார் பெரியவர் என்று இப்போது தெரிகிறது அல்லவா?

எவ்வளவு ஆழமான பேஸ் வரும் என்பதை அங்குலம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கூம்பு எவ்வளவு தூரம் அசைகிறது, பெட்டிக்குள் எவ்வளவு இடம், ஓட்டை எவ்வளவு நீளம் ஆகிய எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நெவில் தீல் என்ற பொறியாளர் 1961-ல் இதற்குக் கணக்கு வகுத்துக் கொடுத்தார். பிறகு ரிச்சர்ட் ஸ்மால் என்பவர் 1970-களில் அதை விரிவாக்கினார். இன்றும் நல்ல பெட்டிகள் அந்தக் கணக்கின்படிதான் செய்யப்படுகின்றன.

இன்னொரு பொறி இருக்கிறது. வீட்டில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர் உள்ள 8 ஓம் பெட்டி இருக்கிறது. பக்கத்தில் வைக்க ஒரு 15 அங்குல 8 ஓம் பெட்டி வாங்குகிறீர்கள். இரண்டுக்கும் சம சக்தி போகும். அங்கே நான்கு பேர் பங்கு போட்டுச் சுமப்பதை இங்கே ஒருவன் தனியாகச் சுமக்க வேண்டும். முதலில் கதறப்போவது அவன்தான்!

அப்படியானால் எதை வாங்குவது? ஏற்கெனவே இருக்கும் பெட்டியைப் போலவே இன்னொன்று. அதே கம்பெனி, அதே மாடல், அதே ஓம். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அப்போது சத்தம் சண்டை போடாமல் சேர்ந்து வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குங்கள். மேல் பெட்டி காதுக்கு நேராக வரும்.

வாட் எண்ணைக் கண்டு மயங்காதீர்கள்

பெட்டியின் மீது "1,000 வாட்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அது ஒரு நொடி மட்டும் தாங்கும் உச்ச அளவாக இருக்கலாம். "தொடர்ந்து எத்தனை வாட் தாங்கும்? ஆர்.எம்.எஸ். எவ்வளவு?" என்று கேளுங்கள்.

அதைவிட முக்கியமான எண் இன்னொன்று உண்டு. 1 வாட் கொடுத்தால், 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் கேட்கும் என்ற எண். ஒரு பெட்டியில் 97, இன்னொன்றில் 100 என்று இருந்தால், 100 உள்ள பெட்டியை வாங்குவது உங்கள் ஆம்ப்ளிபயரின் வாட்டை இரட்டித்ததற்குச் சமம்!

பழைய பெட்டி வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். பணம் குறைவாக உள்ளவருக்கு அதுதான் நல்ல வழி. ஆனால் சோதித்து வாங்க வேண்டும்.

கண்ணால் பாருங்கள். கூம்பின் ஓரம் வெடித்திருக்கிறதா? பலகை மழையில் நனைந்து ஊதியிருக்கிறதா? மரத்தூளை ஒட்டிச் செய்த மலிவுப் பலகை ஈரம் பட்டால் பொரிந்துவிடும். திறந்த வெளிக் கச்சேரிக்கு நல்ல பிளைவுட் பெட்டியே ஏற்றது.

கையால் தொடுங்கள். இரண்டு கைகளையும் கூம்பின் மீது சமமாக வைத்து மெதுவாக அழுத்துங்கள். வழுக்கிக்கொண்டு போய்த் திரும்ப வேண்டும். "சர சர" என்று உராய்ந்தால் உள்ளே கம்பிச் சுருள் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

மூக்கால் முகருங்கள். கருகல் வாசனை வந்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மீட்டரால் அளந்து பாருங்கள். ரேடியோ ரிப்பேர்க்காரர்களிடம் மல்டிமீட்டர் இருக்கும். வயரின் இரு முனையில் வைத்தால், 8 ஓம் பெட்டி 6 ஓம் அளவில் காட்டும். 4 ஓம் பெட்டி 3 ஓம் அளவில் காட்டும். குறைவாகக் காட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். அது சரிதான். ஆனால் 8 ஓம் பெட்டி 10-க்கு மேல் காட்டினால், உள்ளே ஏதோ ஒரு ஸ்பீக்கர் செத்துக் கிடக்கிறது!

கடைசியாக, சொந்தக் கிதாரை எடுத்துப் போய் வாசித்துப் பாருங்கள். தடித்த தந்தியை அடித்து, சத்தத்தை மெல்ல ஏற்றுங்கள். பெட்டி நடுங்கி ஓசை போட்டால் ஆணி, கைப்பிடி, முன் வலை ஆகியவற்றைப் பாருங்கள். அது சின்னக் கோளாறு. விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

தூக்கியும் பாருங்கள்! எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பெரிய பெட்டிகள் 60 கிலோவுக்கு மேல் இருக்கும். மாடிப்படி ஏறுமா? ஆட்டோவில் நுழையுமா? நியோடிமியம் என்ற காந்தம் வைத்த பெட்டிகள் எடை குறைவு. விலை கொஞ்சம் கூட.

தச்சரிடம் சொல்லிச் செய்தால்?

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் ஸ்பீக்கர் தனியாகக் கிடைக்கும். பெட்டியை நம் ஊர்த் தச்சர் செய்துவிடுவார். செலவு குறையும். ஆனால் ஸ்பீக்கர் கம்பெனி கொடுக்கும் அளவுப்படியே பெட்டி செய்ய வேண்டும். உள் இடம், ஓட்டையின் நீளம் இரண்டும் மாறக் கூடாது. கண் மதிப்பில் செய்தால் பெட்டி "கும் கும்" என்று ஒரே சுரத்தில் முழங்கும்.

கார் ஸ்பீக்கரை வாங்கி மாட்டுவது வேண்டாம். அது காரின் சிறு அறைக்காகச் செய்தது. ஓம் எண்ணும் பெரும்பாலும் 4 அல்லது அதற்கும் குறைவு. வீட்டு டி.வி.யோடு வரும் சப்-ஊபரும் இதற்கு உதவாது.

வயரில் சிக்கனம் வேண்டாம்

கிதாரிலிருந்து ஆம்ப்ளிபயருக்குப் போகும் வயரும், ஆம்ப்ளிபயரிலிருந்து பெட்டிக்குப் போகும் வயரும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒன்றல்ல. கிதார் வயரின் உள்ளே மெல்லிய கம்பிதான் இருக்கும். அதைப் பெட்டிக்கு மாட்டினால் சூடேறும். பெட்டிக்குக் குறைந்தது 1.5 சதுர மில்லி மீட்டர் தடிப்புள்ள இரட்டைச் செம்புக் கம்பி வேண்டும். திருகிப் பூட்டும் "ஸ்பீக்கான்" முனை இருந்தால் நல்லது. யாராவது கால் தடுக்கினாலும் கழன்று வராது.

மாட்டும்போதும் கழற்றும்போதும் ஆம்ப்ளிபயரை அணைத்துவிடுங்கள்.

வளையல் என்ன ஆயிற்று?

மறுபடியும் அந்த வீட்டுக்குப் போவோம்.

அம்மா வளையலை நீட்டுகிறாள். அப்பா குறுக்கிடுகிறார்.

"இருடா. உன் ஆம்ப்ளிபயர் பின்னால என்ன எழுதியிருக்கு? பாத்தியா?"

மகன் விழிக்கிறான். இருவரும் டார்ச் விளக்கோடு குனிந்து பார்க்கிறார்கள். "குறைந்தது 4 ஓம்." பெட்டியின் பின்னால் "8 ஓம்." ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்கிறார்கள். வாங்க வேண்டியது இன்னொரு 8 ஓம் பெட்டி. அதே மாடல். பழையதாக இருந்தாலும் சரி.

"ரெண்டு மாசம் பொறு. கச்சேரிப் பணத்தைச் சேர்த்து வை. குறையிறதை நான் போடுறேன். அதுவரைக்கும் பெட்டியை ஸ்டூல் மேல வச்சு வாசி."

அம்மா வளையலைத் திரும்பக் கையில் போட்டுக்கொள்கிறாள்.

இப்படி ஒரு காகிதம் உங்கள் வீட்டிலும் இருக்கட்டும். அதில் ஐந்தே வரிகள்: ஆம்ப்ளிபயர் தாங்கும் ஓம், இருக்கும் பெட்டியின் ஓம், தொடர்ந்து தாங்கும் வாட், 1 வாட்டுக்கு எத்தனை டெசிபெல், நம்மால் கொடுக்க முடிந்த பணம்.

கடைக்காரர் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் அந்தக் காகிதத்தை விட்டு நகராதீர்கள்.

சத்தம் போடுவது சுலபம். எந்தப் பெட்டியும் போடும். ஆனால் டிரம்முக்கும் பாட்டுக்கும் நடுவில் நின்று, இரண்டையும் கைகோத்துவிடுவது பேஸ் கிதார்தான். அது கேட்காதபோதுதான் பாட்டில் ஏதோ குறைகிறதே என்று கூட்டத்துக்குத் தோன்றும்.

உங்கள் வீட்டுப் பிள்ளையின் விரல் பேசுவது ஊருக்குக் கேட்கட்டும். அம்மாவின் வளையல் அம்மா கையிலேயே இருக்கட்டும்!